எடை இறங்கட்டும்

பெரும்பாலான இந்தியக் கார்களின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றும் கிடைக்காது. இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு குறுக்கு பீம், இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர். கெட்டுப்போக அதிகம் இல்லை. கெட்டாலும் தெருமுனை மெக்கானிக் பார்த்துவிடுவார். 1998-இல் வந்த மிட்சுபிஷி லான்சர் அந்த வரிசையில் சேராத வண்டி. அதன் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சில ஆர்ம்கள் பிடித்துக்கொண்டிருக்கும். முன்னோக்கிப் போய் பாடியில் மாட்டும் டிரெய்லிங் ஆர்ம், குறுக்கே மேலே ஒன்று, கீழே ஒன்று, சக்கரத்தின் முகம் உள்ளேயும் வெளியேயும் திரும்பாமல் பார்த்துக்கொள்ள சின்னதாக இன்னொன்று. ஒவ்வொன்றின் முனையிலும் ரப்பர் புஷ். சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் அத்தனை பேரும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும்.

ஜப்பான் பெயர் வைத்திருந்தாலும் எங்களுக்கு அது பக்கத்து ஊர் வண்டி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் போட்ட ஆலையில்தான் அதைச் செய்தார்கள். அம்பாசடர் செய்த கம்பெனி இப்படியும் ஒன்று செய்யுமா என்று ஆச்சரியப்பட்ட காலம். ஆவடியிலிருந்து சி.டி.எச். ரோட்டில் மேற்கே போனால் பட்டாபிராம், திருநின்றவூர், அப்புறம் திருவள்ளூர். புது லான்சர்களை ஏற்றிய லாரிகள் அந்த ரோட்டில் எதிரே வரும். பட்டாபிராம் ரயில்வே கேட்டில் ஒரு முறை என் பைக்குக்குப் பக்கத்தில் அப்படி ஒரு லாரி நின்றது. மேல்தட்டில் இருந்த காரின் அடிவயிறு முழுக்கத் தெரிந்தது. ஷோரூமில் யாரும் காட்டாத பக்கம். கறுப்புப் பெயின்ட் மாறாத அந்த ஆர்ம்களை கேட் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் முகத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நான் ஆசைப்பட்டது இந்த வழியாக.

பல வருஷம் கழித்து ஒரு லான்சர், 2009 மாடல், இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. வந்தபோதே பின்பக்கம் தாழ்ந்திருந்தது. முந்தைய சொந்தக்காரர் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்திருந்தார். பார்க்க கம்பீரம்தான். ஆனால் ஆர்ம்களுக்கு அந்தக் கம்பீரம் தெரியாது. பாடி கீழே வரும்போது அவை வேறு கோணத்தில் போய் நிற்கும். சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். அதைத்தான் நெகட்டிவ் காம்பர் என்கிறார்கள். கூடவே சக்கரங்கள் பார்க்கும் திசையும், அதாவது டோவும், மாறும். டயரைத் தின்பது காம்பர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் டோதான் அதிகம் தின்னும். காம்பர் எந்த விளிம்பில் தின்னலாம் என்று இடம் காட்டும். என் டயர்கள் வெளிப்பக்கம் புதுசாக இருந்தன. உள்விளிம்பில் கம்பி எட்டிப் பார்த்தது.

வெட்டிய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அளவாகத் தாழ்த்தும் ஸ்பிரிங் ஒரு ஜோடி போட்டேன். சாய்வைச் சரிக்கட்ட, நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய மேல் ஆர்ம் ஒரு ஜோடி வாங்கினேன். மேல் ஆர்மைச் சற்று நீட்டினால் சக்கரத்தின் தலை வெளியே தள்ளப்படும், கணக்கு நேராகும். கணக்கு அப்படி. வலது பக்கம் புஷ் தானாகப் போய் உட்கார்ந்தது, போல்ட்டைக் கட்டைவிரலால் தள்ளினாலே போயிற்று. இடது பக்கம் புஷ், பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவே நுழையவே மறுத்தது. சுத்தியால் தட்டி உள்ளே தள்ளினால் சாய்ந்துகொண்டு நின்றது. ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே இருந்த ஸ்லீவ் மூன்றாம் பிறையாகத் தெரிந்தது.

இது நடந்த இடம் கோவில்பதாகையில், சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வீட்டை ஒட்டிய ஷெட். போர்டு கிடையாது. தகரக் கூரை, தரையில் ஒரு பிட், சுவரில் அளவுவாரியாக மாட்டிய ஸ்பேனர்கள். ஷெட்காரர் டேங்க் பாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி என்ற முழுப்பெயரை ஆவடியில் யாரும் சொல்வதில்லை. டேங்க் பாக்டரி, அல்லது எச்.வி.எஃப். அவரை ஏரியாவில் எச்.வி.எஃப். சார் என்றுதான் கூப்பிடுவோம். எல்லோரும் அவருக்குத் தம்பிதான், அறுபதைத் தொட்டவர்கள் உட்பட.

சாரிடம் வேலைக்கு இருந்த பையன் பிறையைப் பார்த்ததும் வழி சொன்னான். "ஓட்டைய லைட்டா ஃபைல் பண்ணிட்டா போயிடும் சார்."

"ஓட்டைய தொடாத," என்றார் அவர். "இந்த ஓட்டை ஒண்ணுதான் இப்ப உண்மை பேசுது. அதையும் ராவிட்டேன்னா யார்கிட்ட போய் கேப்ப?"

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு முழுத் தொழிற்சாலையின் பழக்கம் இருந்தது. ஆவடியில் 1965-இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. இங்கிலாந்து விக்கர்ஸ் கம்பெனியின் வடிவம், நம் ஆட்களின் கை. 1980-களில் ரஷ்ய டி-72. அப்புறம் டி-90, அர்ஜுன். இத்தனை வண்டிகளையும் வேறு வேறு தேசத்து வரைபடங்களை வைத்துக்கொண்டு பூட்டியவர்கள் இந்த ஊரின் ஃபிட்டர்கள். பூட்டும்போது ஒரு பாகம் உட்கார மறுத்தால் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி, உடனே அதைச் செதுக்குவது அல்ல. ஏன் மறுக்கிறது என்று அளப்பது.

அவர் வெர்னியரை எடுத்தார். புது ஆர்மில் இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே நீளம், இடதும் வலதும். இரண்டும் ஒன்று. புஷ்ஷின் உள் ஸ்லீவ் அகலம், இடதும் வலதும். ஒன்று. பிராக்கெட் வாய், இரு பக்கமும். ஒன்று. போல்ட் தடிமன், ஸ்லீவின் உள்விட்டம். சரி. ஒவ்வொன்றையும் சுவரில் சாக்பீசால் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் சுவர் முழுக்க எண்கள். குற்றவாளி யாரும் இல்லை.

எண்கள் சரியாக இருந்து வண்டி தப்பாக இருப்பது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. சோழவரம் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் சித்தப்பா தன் ராஜ்தூத்தில் உட்கார வைத்து ரேஸ் பார்க்க அழைத்துப் போவார். கோவில்பதாகையிலிருந்து பம்மதுகுளம் வழியாகச் செங்குன்றம், அங்கிருந்து ஜி.என்.டி. ரோடு. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமானத் தளம் அது. விமானங்கள் போன பிறகு, 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. ஃபார்முலா கார்கள் வரும். அதைவிட எனக்குப் பிடித்தது சாதாரணக் கார்கள் ஓடும் ரேஸ். ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மாற்றாத வண்டி அதில் ஒன்றும் இருக்காது. சீட்டைக் கழற்றியிருப்பார்கள், கார்புரேட்டரை மாற்றியிருப்பார்கள், ஸ்பிரிங்கை இறுக்கியிருப்பார்கள்.

ஹெரால்டு வேகமாக வளைவில் திரும்பும்போது பின்பக்கம் எம்பும். வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். கூட்டம் ஓவென்று கத்தும். டிரைவர் எப்படியோ பிடித்து நேராக்குவார். அந்த வண்டிக்கு ஸ்விங் ஆக்சில். நடுவில் டிஃபரென்ஷியலுக்குப் பக்கத்தில் மட்டும் மூட்டு; சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்து வில்லாக ஏறி இறங்கும். பாடி உயர்ந்தால் சக்கரத்தின் அடி உள்ளே போய்விடும். ஒவ்வொரு பாகமும் வரைபடப்படிதான் இருந்தது. சேர்ந்து நின்றபோது வந்த குணம் அது.

ஹெரால்டும் எங்கள் ஊர்ப் பக்கத்து வண்டிதான். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்தது. அதே கம்பெனி 1972-இல் கெஸல் என்று பெயரை மாற்றி விட்டபோது ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிவிட்டு, பின்னால் நேரான கட்டை ஆக்சிலைப் போட்டது. "இப்பத்தான் புத்தி வந்திருக்கு, நம்ம ரோட்டுக்கு இதான் சரி" என்று சித்தப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்த வண்டிக்கு அதன் சொந்தத் தொழிற்சாலையே மெட்ராஸில் செய்த மாடிஃபிகேஷன் அது. வண்டியை மாற்றுவது இளைஞர்களின் சேட்டை என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்குக் கெஸல்தான் நினைவுக்கு வரும். வித்தியாசம் ஒன்று உண்டு. கம்பெனி ஆக்சிலை மாற்றினால் அதோடு ஒட்டிய எல்லாவற்றையும் சேர்த்து மாற்றும். நாம் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மீதி எல்லாம் ஒத்துழைக்கும் என்று நம்புவோம்.

சோழவரம் பிற்பாடு நின்றுபோனது. 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான டிராக் வந்தது. ஃபார்முலா மாருதியை வடிவமைத்த கோயம்புத்தூர் கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அந்த ஊர்ச் செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நான் பார்த்த ரேஸ்காரர்கள் யாருடைய பெயரும் இப்போது சரியாக நினைவில்லை. மடங்கிய சக்கரம் மட்டும் இருக்கிறது.

ஷெட்டில் அடுத்து நடந்தது அம்பத்தூர் பற்றிய பேச்சு. ஸ்லீவ் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் இறக்கிவிட்டால் புஷ் காதுகளுக்கு நடுவே போய்விடும், அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்த லேத் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்று நான் சொன்னேன். அது நடக்கக்கூடியதுதான். 1960-களில் அரசு போட்ட அந்த எஸ்டேட்டில் லேத்துக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்து ஊரான பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று பெரிய ஆலைகள். அவற்றுக்கு உதிரி செய்துகொடுக்கும் சின்னச் சின்ன ஷெட்கள் அம்பத்தூர் முழுக்க. மைக்ரானில் பேசும் ஊர். ஒரு ஸ்லீவைக் கடைவது அங்கே டீ குடிக்கும் நேரத்து வேலை.

சார் சிரிக்கவில்லை. ஸ்லீவ் ஏன் அந்த அகலத்தில் இருக்கிறது என்று விளக்கினார். போல்ட்டை இறுக்கும்போது பிராக்கெட்டின் இரண்டு காதும் ஸ்லீவை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க வேண்டும். ஸ்லீவ் அதன்பின் அசையவே கூடாது. அசைய வேண்டியது ரப்பர் மட்டும். ஸ்லீவைச் சிறிதாக்கினால் காது வளைந்து வந்து கவ்வும், அல்லது கவ்வாமலே நிற்கும். முதலாவது நடந்தால் பிராக்கெட் கொஞ்ச நாளில் விரிசல் விடும். இரண்டாவது நடந்தால் ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போதெல்லாம் பின்னால் டக் டக்கென்று சத்தம் வரும். போல்ட் ஓட்டையைத் தானே ராவிக்கொள்ளும். "நீ ஃபைல் பண்ண வேணாம், வண்டியே பண்ணிக்கும்" என்றார் பையனைப் பார்த்து.

பிறகு அவர் சொன்ன வேலை எனக்குப் பிடிக்கவில்லை. "பழைய ஆர்ம மாட்டிப் பாரு."

கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய மேல் ஆர்மைத் துடைத்து எடுத்து வந்து இடது பக்கம் கொடுத்தோம். அதுவும் போகவில்லை. காலை வரை அதே இடத்தில் இருந்த ஆர்ம், அதே பிராக்கெட்டில் போக மறுத்தது. கடப்பாறையை வைத்து சக்கரத்தை முன்னால் நெம்பிப் பிடித்தபோது மட்டும் உள்ளே போயிற்று. புது ஆர்ம் மேல் இருந்த சந்தேகம் அந்த இடத்தில் முடிந்தது. அது சரியான பாகம். சக்கரம்தான் தன் இடத்தில் இல்லை. இத்தனை நாளும் இறுக்கிய போல்ட்கள் அதை வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்திருந்தன. ஒரு போல்ட்டைக் கழற்றியதும் தன் இஷ்டத்துக்கு நகர்ந்துவிட்டது.

பழைய ஆர்மையே நெம்பிப் பூட்டி, வண்டியைச் சமதரையில் இறக்கினோம். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று அந்த ஷெட்டில் ஆணியில் எப்போதும் தொங்கும். ஏன் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீசால் புள்ளி. நான்கு சக்கரம், நான்கு புள்ளி. பிறகு வண்டியைத் தள்ளிவிட்டால் தரையில் வண்டியின் நிழல்கணக்கு கிடைக்கிறது. முன்னிருந்து பின் நீளம் இரண்டு பக்கமும், மூலைக்கு மூலை இரண்டு. லான்சருக்குக் கம்பெனி சொல்லும் வீல்பேஸ் 2500 மில்லிமீட்டர். வலது பக்கம் அதுவேதான் வந்தது. இடது பக்கம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கூடுதல். பின்சக்கரம் பின்னால் போய் நிற்கிறது.

சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிப்பது டிரெய்லிங் ஆர்ம். அதன் முன்முனைப் புஷ்ஷை டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே முழுசாகத்தான் இருந்தது. ஒரு பார் வைத்து நெம்பியபோது உள்ளே ரப்பர் வட்டமாகக் கிழிந்திருந்தது தெரிந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஸ்லீவ் ஓரத்தில் போய் ஒண்டியிருந்தது. யாரோ முன்பு அந்தப் புஷ்ஷை மாற்றியிருக்கிறார்கள். வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அந்தப் புஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். உள் ஸ்லீவ், வெளி ஸ்லீவ், நடுவில் ரப்பர். ரப்பர் இரண்டிலும் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். உள் ஸ்லீவைப் பிராக்கெட் கவ்விக்கொள்ளும், வெளி ஸ்லீவ் ஆர்முக்குள் இறுகியிருக்கும். ஆர்ம் மேலே கீழே போகும்போது எதுவும் சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக் கொடுக்கும், பிறகு திரும்பி வரும். வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் போல்ட்டை இறுக்கினால் அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. அங்கிருந்து மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் முறுக்கினால் போதும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால் தொங்கும் நிலைதான் ஓய்வு. வண்டியை இறக்கிய மறுகணத்திலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ வேண்டும். நின்றுகொண்டிருந்தாலும் முறுக்கு, ஓடினால் அதற்கு மேலும் முறுக்கு. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினால் இன்னும் அதிகம். ரப்பர் எத்தனை நாள் தாங்கும்.

"எட எறங்கட்டும், அப்புறம் டைட் பண்ணு." ஷெட்டில் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான். எந்த வண்டியாக இருந்தாலும், எந்தப் பையனாக இருந்தாலும்.

புது புஷ் ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. புதுப்பேட்டையில் டிரெய்லிங் ஆர்மே முழுசாகக் கிடைக்கும் என்று நான் ஆசை காட்டினேன். கூவம் கரையில் எத்தனையோ கார்களைப் பிரித்து அடுக்கி வைத்திருக்கும் அந்தத் தெருக்களில் கிடைக்காத இரும்பு இல்லை. "இரும்பு பழசு வாங்கலாம், ரப்பர் பழசு வாங்கக் கூடாது" என்று முடித்துவிட்டார். பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, புதியதை ஏற்றினார். ஏற்றும்போது அம்புக்குறி பார்த்தார். சில புஷ்களில் ரப்பர் ஒரு திசையில் மட்டும் இளகிக் கொடுக்கும்படி பள்ளம் விட்டிருப்பார்கள். திருப்பிப் போட்டால் உள்ளே போகும், பொருந்தாது.

பிறகு புது மேல் ஆர்ம். முதலில் அதைப் பழைய ஆர்மின் நீளத்துக்கே திருகி வைத்தார். ஓட்டைக்கு ஓட்டை சமம். திருத்தம் எல்லாம் அப்புறம், முதலில் வண்டி தெரிந்த இடத்திலிருந்து கிளம்பட்டும் என்றார். நீட்டும் மரை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பார்த்தார். குறைந்தது மரையின் தடிமன் அளவுக்காவது உள்ளே கவ்வியிருக்க வேண்டும். லாக் நட் போட்டார். இடது பக்கம் புஷ் தானாக உட்கார்ந்தது. போல்ட்டைக் கட்டைவிரலால் தள்ளினார். போயிற்று. ஸ்பிரிங் இல்லாமல் ஜாக்கியால் சக்கரத்தை அடிமுதல் மேல்வரை ஏற்றி இறக்கிப் பார்த்தார், ஆர்ம் எங்கேயாவது ஸ்டெபிலைசர் பாரிலோ சைலன்சர் பைப்பிலோ இடிக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங். எல்லா போல்ட்டும் கையிறுக்கம் மட்டும். வண்டியைப் பிட்டின் மேல் நான்கு சக்கரத்தில் நிற்கவைத்து, டிக்கியில் ஏறி நின்று இரண்டு முறை குதித்துவிட்டு, பிட்டுக்குள் இறங்கி ஒவ்வொன்றையும் டார்க் ரென்ச்சால் இறுக்கினார்.

புள்ளிகளை மறுபடி வைத்து அளந்தபோது இரண்டு பக்கமும் சமம். "இப்ப ரெண்டும் ஒண்ணு, சந்தோஷமா?" என்றார். எனக்கு ரொம்பச் சந்தோஷம். அவருக்கு அவ்வளவு இல்லை. "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தான் சரின்னு இல்ல தம்பி. டேங்க்ல அப்படி இருக்காது."

பல டாங்கிகளில் சக்கரத்தைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார் என்னும் நீளமான எஃகுத் தண்டு. டாங்கியின் அகலம் முழுக்க அதன் அடித்தளத்தில் குறுக்கே படுத்திருக்கும். ஒரு முனை பாடியில் இறுகியிருக்கும், மறு முனையில் சக்கரத்தின் கை. சக்கரம் ஏறினால் தண்டு முறுக்கும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனித் தண்டு, இரண்டும் முழு அகலத்துக்கும் என்றால் ஒன்றின் பக்கத்தில்தான் மற்றது படுக்க முடியும். அதனால் இடது சக்கரங்களும் வலது சக்கரங்களும் நேருக்கு நேர் வராது. கார்களிலும் உண்டு. பிரான்ஸின் ரெனோ 4 இதே காரணத்தால் ஒரு பக்கம் வீல்பேஸ் சுமார் 5 சென்டிமீட்டர் அதிகமாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. அர்ஜுனில் தண்டே கிடையாது. ஆவடியில் இருக்கும் ராணுவ வாகன ஆய்வு நிறுவனம் சி.வி.ஆர்.டி.இ. அதற்கு வாயுவும் எண்ணெயும் சேர்ந்து தாங்கும் ஹைட்ரோநியூமேடிக் முறையை வைத்தது.

"இடது வலது சமமா இல்லேன்னா முதல்ல டிராயிங்ல என்ன இருக்குன்னு பாரு. டிராயிங்லயே அப்படி இருந்தா அது சரி. இல்லேன்னா யாரோ ஒருத்தன் தொங்கும்போது டைட் பண்ணிருக்கான்." வண்டியை மாற்றுகிறவன் டிராயிங்கிலிருந்து விலகலாம், ஆனால் டிராயிங் எங்கே இருக்கிறது என்று தெரிந்து விலகட்டும் என்பது அவர் கட்சி.

அலைன்மென்ட் முடிந்ததும் வெள்ளானூர் வழியாக அவுட்டர் ரிங் ரோட்டுக்கு ஓட்டிப் போனோம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகிற ரோடு. ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தால் நேராகப் போகிறதா, பிரேக் பிடித்தால் பின்பக்கம் ஒரு பக்கம் இழுக்கிறதா, பாலத்தின் மூட்டில் ஏறும்போது சத்தம் உண்டா. எதுவும் இல்லை. அவர் பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து நான் பேச்சை நிறுத்தினேன். "பேசாத, காது கேக்கட்டும்" என்றார்.

டிசம்பர் 2023-இல் மிக்ஜாம் புயல். ஆவடிச் சுற்றுவட்டாரம் ஏரிகளால் ஆன ஊர். மழை அளவு மீறினால் தண்ணீருக்குத் தன் பழைய பாதைகள் எல்லாம் ஞாபகம் வந்துவிடும். லான்சர் அச்சுவரை தண்ணீரில் நின்றது. வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்ஜினைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆர்ம் போல்ட்களை யாரும் நினைப்பதில்லை. ஸ்லீவுக்குள் தண்ணீர் புகுந்து துருப்பிடித்து, போல்ட்டும் ஸ்லீவும் ஒன்றாகிவிடும். பிறகு கேஸ் கட்டிங் வைத்து வெட்டத்தான் வேண்டும். அவர் அன்று ஒவ்வொரு போல்ட்டின் உடம்பிலும் கிரீஸ் தடவித்தான் செருகியிருந்தார். வெள்ளம் வடிந்த பிறகு கழற்றியபோது ஸ்பேனருக்குச் சொன்னபடி கேட்டன.

கழற்ற வேண்டியிருந்ததற்கு வெள்ளம் மட்டும் காரணம் இல்லை. 2024-இல் வண்டிக்குப் பதினைந்து வயது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் 600 ரூபாயாக இருந்த கட்டணம், ஏப்ரல் 2022-இலிருந்து 5000. கட்டணம் பெரிதில்லை, வண்டி கம்பெனி வடிவத்தில் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஜனவரி 2019-இல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்தை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. ஒரு காலத்தில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஒரு ஆசையாக இருந்தது. இப்போது ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஒரு ரசீது.

எனக்கு அதில் பெரிய வருத்தம் வரவில்லை. பரணிலிருந்து பழைய ஆர்ம்களை இறக்கி, புது புஷ் போட்டு, கம்பெனி ஸ்பிரிங் வாங்கி மாட்டி, வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டு வந்தோம். வளைவில் முன்போல் ஒட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் வயிறு உரசவில்லை, டயர் சமமாகத் தேய்ந்தது. எங்கள் ரோட்டில் இருக்கும் குழிகளுக்கும் பின்சீட்டில் உட்காரும் என் வீட்டு மனிதர்களுக்கும் அந்த உயரம்தான் சரி என்று எனக்கே பட்டது. அந்த எடைக்குப் போட்ட கணக்கு அது. தாழ்ந்த வண்டி சோழவரத்தின் நினைவுக்காக நான் போட்ட கணக்கு.

கழற்றிய ஆர்ம் ஜோடியை வாங்க வெள்ளானூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையன் வந்தான். பதிவு நீங்கிய பழைய லான்சர் ஒன்றை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் மட்டும் ஓட்டத் தயார் செய்கிறானாம். லாரியில்தான் ஏற்றிப் போவானாம், ரோட்டில் இறக்க மாட்டானாம். மரையைச் சுற்றிப் பார்த்தான், லாக் நட்டைப் பார்த்தான், விலை பேசினான். நான் விலையைக் குறைத்து, கூடவே எச்.வி.எஃப். சாரின் முறை முழுவதையும் இலவசமாகச் சொன்னேன். தூக்குக்குண்டு, சாக்பீஸ், நான்கு புள்ளி, மூலைக்கு மூலை.

பையன் மரியாதையாகத்தான் கேட்டான். "குண்டெல்லாம் எதுக்கு சார்? லேசர் அலைன்மென்ட்ல விட்டா எல்லா ரீடிங்கும் வந்துடுமே."

"வரும். போல்ட்டு உள்ள போன வண்டிக்கு வரும். போல்ட்டே போகலேன்னா அந்த வண்டிய லேசர் கடைக்கு எப்படி ஓட்டிட்டுப் போவ?"

கொஞ்சம் யோசித்தான். பிறகு போனை எடுத்து, குண்டுக்கு நைலான் நூலா பருத்தி நூலா என்று கேட்டுக் குறித்துக்கொண்டான்.